பெயரில் மட்டும் தங்கம்

சர்ச் வாசலில் விருந்தாளிகள் சில்லறையை வாரி இறைத்ததுமே மாப்பிள்ளை லெஷெக் குனிந்தான். பெண்ணும் மாப்பிள்ளையும் போட்டி போட்டுப் பொறுக்க வேண்டும் என்பது அந்த ஊர்க் கல்யாணச் சம்பிரதாயம். யார் அதிகம் சேர்க்கிறாரோ, வீட்டுப் பணப்பை அவர் வசம். மியூசியத்தில் பழங்காசுப் பிரிவில் வேலை பார்க்கும் அவனுக்கு இது வாழ்வா சாவா பிரச்சினை. பை மணப்பெண் யாகோடா கைக்குப் போனால், இனி ஒரு பழங்காசுகூட வாங்க விடமாட்டாள்.

ஒரு கைப்பிடி சேர்த்திருப்பான். பெண்ணின் தாய்மாமன் பொகுமில் வந்து தோளைத் தட்டினார்.

"மாப்ளே, ஒரு சந்தேகம். நம்ம நாட்டுக் காசுக்கு ஸ்வோட்டின்னு பேரு. அப்படின்னா 'தங்கக்காசு'ன்னு அர்த்தம். இதுல தங்கம் எங்கே இருக்கு?"

பேசாமல் பொறுக்குடா என்றது மனசு. வாய் கேட்டால்தானே!

"ஆதியில வெளிநாட்டுத் தங்கக்காசுக்குத்தான் மாமா அந்தப் பேரு. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டுக் குனிந்தான். அரைகுறையாகச் சொன்னது உறுத்தியது. நிமிர்ந்தான்.

"குரோஷ்ங்கிற வெள்ளிச் சில்லறை முப்பது சேர்ந்தா ஒரு தங்கக்காசுக்குச் சமம்னு கணக்கு வெச்சிருந்தாங்க. தங்கம் எக்கச்சக்கமா விலை ஏறிடுச்சு. பேரு மட்டும் அந்த முப்பது குரோஷோட ஒட்டிக்கிச்சு."

"அடேங்கப்பா!" என்றார் மாமா.

அந்த 'அடேங்கப்பா'வில் லெஷெக் விழுந்தான்.

"டேய், குனிடா!" என்று அவன் அம்மா கத்தினாள்.

"ஒரே நிமிஷம்மா! குரோஷ்ங்கிற பேரே 'தடியன்'ங்கிற லத்தீன் வார்த்தையிலேருந்து வந்ததுதான். இன்னிக்கு எப்படி இளைச்சுக் கிடக்கு பாருங்க!" காட்டுவதற்காகத் தான் பொறுக்கியதை எல்லாம் மாமாவின் உள்ளங்கையில் கொட்டினான். "தங்கம்னு பேர் வெச்ச ஸ்வோட்டி வெளுத்திருக்கு, ஒத்தைக் குரோஷ் மஞ்சளா மின்னுது. என் கதைதான் மாமா. பேரு நிபுணன், உள்ளே வெறும் தகரம்!"

கூட்டம் கைதட்டியது. பூரித்துப்போய்த் திரும்பினான். தரையில் ஒரு காசு இல்லை. யாகோடாவின் நீளமான வெள்ளை முக்காடு காசு மூட்டையாகியிருந்தது.

"காசோட ஜாதகமே தெரியும், பொறுக்கத்தான் தெரியல. என்னைப் போல ஒரு மடையன் உண்டா?" என்று தலையில் அடித்துக்கொண்டான்.

மாமா கையிலிருந்த காசையும் அந்த மூட்டையில் போட்டார்.

"முடிஞ்சுதாம்மா யாகோடா? நீ சொல்லிக்குடுத்த ரெண்டாவது கேள்விக்கு அவசியமே வரல!"