முள்ளம்பன்றியின் பஜ்ஜிப் பாட்டு

ஒரு காட்டில் சங்கீதம் தெரியாத பிராணியே கிடையாது. அதாவது, தெரியாது என்று ஒப்புக்கொண்ட பிராணி கிடையாது. மார்கழி பிறந்துவிட்டால் யானை முதல் அணில் வரை எல்லாம் ஆலமரத்தடி சபாவுக்கு வந்துவிடும். தொடையில் தட்டிக்கொண்டே, அடுத்தவர் எங்கே தலையாட்டுகிறார் என்று ஓரக்கண்ணால் பார்த்து, தாமும் ஆட்டும்.

அந்தக் காட்டில் வேலாயுதம் என்றொரு முள்ளம்பன்றி இருந்தது. மற்ற முள்ளம்பன்றிகள் பயந்தால் சிலிர்க்கும். இது யோசித்தாலே சிலிர்க்கும். சிலிர்க்கும்போது சரசரவென்று எழும் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, உலகத்தில் இதுவரை இல்லாத ஒரு சங்கீதம் தன் முதுகில் முளைத்திருக்கிறது என்ற முடிவுக்கு அது வந்துவிட்டது.

மூன்று வருடம் வளையை விட்டு அதிகம் வெளியே வராமல் 'புற்றின் மேல் மழை' என்றொரு உருப்படியை அமைத்தது. நாற்பது நிமிடம். ராகம் இல்லை, தாளம் இல்லை, பல்லவி அனுபல்லவி எதுவும் இல்லை. முட்கள் உரசும், நிற்கும், மறுபடி உரசும். எல்லாம் அடங்கிய பிறகு ஒரே ஒரு முள் உதிர்ந்து மேடைப் பலகையில் 'டிக்' என்று விழும். அதோடு சரி. அந்த 'டிக்'தான் உருப்படியின் உயிர் என்று வேலாயுதம் நம்பியது. தன் ஆயுளில் யாராவது ஒருவர் கடைசி வரை உட்கார்ந்து அதைக் கேட்டால் போதும், வேறொன்றும் வேண்டாம் என்று இருந்தது. மனைவி கேட்கலாமே என்பீர்கள். வீட்டில் உதிரும் முள்ளையெல்லாம் பெருக்கித் தள்ளுவதே மனைவிதான்.

சபாவில் கச்சேரி செய்ய விண்ணப்பம் போடவேண்டும். டோக்கன் வாங்கி, குயில்களுக்குப் பின்னால் இரண்டு நாள் வரிசையில் நின்றது வேலாயுதம். முதுகுப் பக்கம் யாரும் நெருக்கித் தள்ளவில்லை என்பது ஒன்றுதான் ஆறுதல். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் சபாவின் செயலாளரான கொக்கு, ஒற்றைக் காலில் நின்றபடி படிவத்தைப் பார்த்தது.

"ராகம்ங்கிற கட்டம் காலியா இருக்கே ஸார்?"

"என் இசையில ராகம் கிடையாது."

"இல்லாம இருக்கலாம். கட்டம் இருக்கே. காலியா விட்டா கம்ப்யூட்டர் எடுக்காது."

வேலாயுதம் யோசித்து, சிலிர்த்து, ராகத்துக்கு நேரே 'இல்லை' என்றும் தாளத்துக்கு நேரே 'மேற்படி' என்றும் எழுதிக் கொடுத்தது. கம்ப்யூட்டர் மறுபேச்சுப் பேசாமல் எடுத்துக்கொண்டது. புதுமை என்று தலைப்பிட்டு, மாலை நாலு மணி ஒதுக்கினார்கள்.

நாலு மணி என்பது சபா கேன்டீனில் முதல் ஈடு வாழைக்காய் பஜ்ஜி இறங்கும் நேரம். கேன்டீன் எங்கோ தூரத்தில் இல்லை. மேடைக்குப் பின்னால், ஒரு ஓலைத் தட்டிக்கு அந்தப் பக்கம்.

வேலாயுதம் கண்ணை மூடி வாசிக்க ஆரம்பித்தது. ஐந்தாவது நிமிடம் யானை, போன் வந்ததுபோல் காதில் தும்பிக்கையை வைத்துக்கொண்டு நைசாக எழுந்தது. யானையே போகும்போது நமக்கென்ன என்று மான்கள் எழுந்தன. பிறகு ஒருவர் பாக்கியில்லை. நாற்பதாவது நிமிடம் முள் விழுந்தது. கண்ணைத் திறந்தால் எதிரே நாற்காலிகள் மட்டும் உட்கார்ந்திருந்தன. வேலாயுதம் உதிர்ந்த முள்ளைத் தானே பொறுக்கிக்கொண்டு மேடையை விட்டு இறங்கியது.

கேன்டீன்காரக் கரடி பெரியண்ணன் மட்டும் ஓடிவந்து அதன் கையைப் பத்திரமாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டது. "மத்தவங்க கச்சேரியில பாதிப் பேருதாங்க எழுந்து வருவாங்க. உங்களுக்கு ஒருத்தர் விடாம வந்துட்டாங்க. நீங்க மகா வித்வான்."

சபா நடப்பதே கேன்டீனால்தான் என்பது கொக்குக்குத் தெரியும். அதனால் அடுத்த வருடமும் நாலு மணி வேலாயுதத்துக்கே. அதற்கடுத்த வருடமும். இப்படியே இருபது வருடம். பட்டம் கொடுத்தார்கள். பொன்னாடை போர்த்தினார்கள், அது போர்த்திய வேகத்தில் சல்லடையானது. விமர்சகப் பச்சோந்தி, உருப்படியில் ஆழம் இருந்தது, பஜ்ஜியில் உப்புதான் கொஞ்சம் தூக்கல் என்று எழுதியது. எல்லாம் கிடைத்தது. முள் விழுவதைக் கேட்க மட்டும் ஆள் கிடைக்கவில்லை.

ஆனால் ஓலைத் தட்டி சத்தத்தைத் தடுக்குமா? இருபது மார்கழியும் பஜ்ஜி மென்றவர்கள் காதில் அந்த உரசல் விழுந்துகொண்டேதான் இருந்தது. அணில் குஞ்சுகள் அதை முணுமுணுத்தபடி பல் தேய்த்தன. மான்கள் போனில் ரிங்டோனாக வைத்திருந்தன. யாருக்கும் 'புற்றின் மேல் மழை' என்ற பெயர் தெரியாது. பஜ்ஜிப் பாட்டு என்றார்கள்.

இருபத்தோராவது வருடம் ஐந்தாவது நிமிடம் வந்தது. யானைக்கு நாக்கில் எச்சில் ஊறியது. ஆனால் எழவில்லை. அடுத்து என்ன வரும் என்று அதற்குத் தெரிந்துவிட்டது, வருகிறதா என்று பார்க்க உட்கார்ந்தது. வந்தது. மான்களும் அசையவில்லை. நாற்பதாவது நிமிடம் சபையே மூச்சைப் பிடித்திருக்க, முள் விழுந்தது. 'டிக்.' யானை தும்பிக்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டது. வேலாயுதம் மேடையிலேயே குழந்தை மாதிரி அழுதது.

தட்டிக்கு அந்தப் பக்கம் ஐந்து ஈடு பஜ்ஜி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் காலை கொக்கு கூப்பிட்டனுப்பியது. "உங்க மேல புகார் வந்திருக்கு ஸார். உங்க இசை புரியுதாம்."

"அதுக்குத்தானே இத்தனை வருஷமா வாசிச்சேன்?"

"அது உங்க ஆசை. நாலு மணி புதுமைக்குன்னு ஒதுக்கின நேரம். புரிஞ்சப்புறம் அதுல என்ன புதுமை இருக்கு?" என்று சொல்லிவிட்டு, கொக்கு காலை மாற்றிக்கொண்டது.

அடுத்த மார்கழியில் நாலு மணிக்குச் சிகாமணி என்ற இளம் மரங்கொத்தி வந்தது. தகரத்தில் கொத்தி ஐம்பது நிமிட உருப்படி. முடிவில் காதில் விழுந்தும் விழாத ஒரே ஒரு கொத்து, அதுதான் உயிர். வேலாயுதத்தின் காலில் விழுந்து, கடைசி வரை இருந்து கேட்க வேண்டும் என்று கெஞ்சி, முதல் வரிசையில் உட்காரவைத்தது. எனக்குத் தெரியாதா அந்த வேதனை, நகரவே மாட்டேன் என்று வேலாயுதம் வாக்குக் கொடுத்தது. மனதாரத்தான் கொடுத்தது.

ஐந்தாவது நிமிடம் அதற்குத் தலை விண்ணென்று வலித்தது. அந்த நேரம் பார்த்துத் தட்டிக்குப் பின்னாலிருந்து காற்று வீசியது. இத்தனை வருடமாக நாலு மணிக்கு மேடையிலேயே இருந்துவிட்டதால், அந்த பஜ்ஜியை அது ஒரு தடவைகூடச் சூடாகத் தின்றதில்லை.

"சிகாமணி எப்படிங்க?" என்று எண்ணெயிலிருந்து அரித்துப் போட்டபடியே கரடி கேட்டது.

"பிரமாதம். பெரிய ஆளா வருவான்," என்றது வேலாயுதம், வாய் நிறைய. "இன்னும் கொஞ்சம் சட்னி ஊத்து."

ஐம்பதாவது நிமிடம் சிகாமணி மெல்ல, மிக மெல்லக் கடைசிக் கொத்தைக் கொத்திவிட்டுக் கண்ணைத் திறந்தது. முதல் வரிசை நாற்காலியில் ஒரு முள் மட்டும் கிடந்தது.

நீதி: புதிய சங்கீதம் புரிய இருபது வருடம் ஆகும், பஜ்ஜி ஐந்து நிமிடத்தில் ஆறிவிடும்.