பெட்டிக்கு வில்மா வைத்த எண்

இனி என் வீட்டுக்கு நானே போலீஸ் என்று, சர்ச்சிலிருந்து திரும்பும் வழியில் முடிவு செய்தேன். அன்றைய பிரசங்கம் பொறுமையைப் பற்றியது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

எதிர்வீட்டில் ஹாஃப்னர் பையன்கள் இருவர். பையன்கள் என்பது ஒரு மரியாதைக்கு. ஆளுக்கு முப்பது வயதாகிறது. அவர்களுடைய நாய் எங்கள் கோழியைத் தின்றதை என் மனைவி வில்மா தட்டிக் கேட்டாள். அன்றிலிருந்து சாயங்காலமானால் பிக்கப் வண்டியில் எங்கள் வேலியை உரசிக்கொண்டு போவார்கள். ஹாரன் அலறும். காலி பீர் டப்பா எங்கள் தாழ்வாரத்து ஊஞ்சலில் வந்து விழும். "ஆடு கிழவி, ஆடு!" என்று ஒரு கூச்சல் வேறு.

அந்த ஊஞ்சலில் உட்கார்ந்து காபி குடிப்பது வில்மாவின் ஒரே ஆடம்பரம். ஒரு மாதமாக அவள் சமையலறைச் சுவரைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டால், "வெளிய கொசு" என்பாள். வெஸ்ட் வர்ஜீனியா மலையில், அக்டோபர் குளிரில், கொசு! எனக்கு நெஞ்சு வலித்தது.

"மான் வேட்டைத் துப்பாக்கியக் கீழ இறக்கப் போறேன்," என்றேன்.

"இறக்கி?"

"ஊஞ்சல் பக்கத்துல சாத்தி வைப்பேன். அவனுங்க பார்க்கட்டும்."

"அவனுங்ககிட்ட நாலு இருக்கு எல்வுட். கண்ணும் நல்லாத் தெரியும். உனக்குக் கண்புரை."

"மான் தெரியுதே!"

"போன வருஷம் நீ சுட்டது தபால் பெட்டி."

"அது அசைஞ்சுது!"

"ஷெரீப் ஆபீசுக்குச் சொல்லுவோம், போலீஸ் வந்து பார்க்கட்டும்."

"சொன்னா? மலையச் சுத்தி ஆள் வர்றதுக்குள்ள கிறிஸ்மஸ் வந்துடும்."

வில்மா காபிக் கோப்பையைக் கழுவப் போனாள்.

அடுத்த வாரம் என் பிறந்த நாள். ஆளுயர இரும்புப் பெட்டி ஒன்று வந்து இறங்கியது. கதவில் எண் பொத்தான்கள். வில்மாவின் பரிசு.

"துப்பாக்கி வேணாம்னு நான் சொல்லல. பேரப்பசங்க வர்ற வீடு. பூட்டி வை." அவளே துப்பாக்கியை உள்ளே வைத்தாள், கதவைச் சாத்தினாள்.

"நம்பர்?"

"நம்ம கல்யாண நாள். உனக்கு மறக்குமா?"

"எனக்கா? மறக்குறதா?" நெஞ்சை நிமிர்த்தினேன்.

கல்யாணம் நடந்தது மான் வேட்டைக் காலத்தில். அதில் சந்தேகமே இல்லை. எங்கள் ஊரில் வேட்டை தொடங்கும் வாரம் பள்ளிக்கூடத்தையே மூடிவிடுவார்கள். அப்போது கல்யாணம் வைப்பவன் என்னைப் போல் காதல் பைத்தியமாகத்தான் இருக்கவேண்டும். நான் சர்ச் வாசலில் கோட்டுப் போட்டு நிற்கையில் பத்துக் கிளைக் கொம்போடு ஒரு மான் கல்லறைத் தோட்டத்தைக் கடந்து போனது. ஒவ்வொரு கிளையும் இன்றும் கண்ணில் நிற்கிறது. தேதிதான் நிற்கவில்லை.

பெட்டி வந்த வாரம் முழுவதும் வீட்டில் ஆப்பிள் பை பலகாரம் வேகும் வாசனை. எனக்கு வந்தது ஒரு துண்டுதான். மீதி எங்கே போயிற்று என்று கேட்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. தேதி கவலை.

வியாழக்கிழமை சாயங்காலம் பிக்கப் எங்கள் வாசலிலேயே நின்றது. ஒருவன் இறங்கித் தாழ்வாரத்தில் ஏறி, ஊஞ்சலை உதைத்தான். நான் பெட்டிக்கு ஓடினேன். நவம்பர் இருபத்தொன்று. பீப். இருபத்திரண்டு. பீப். இருபத்து மூன்று. சிவப்பு விளக்கு எரிந்து பெட்டி தானாக இறுகிக்கொண்டது. தோளால் மோதினேன். தோள்தான் திறந்துகொண்டது போலிருந்தது.

அதற்குள் வெளியே ஒரு புதுக் குரல்.

"ஊஞ்சல் உன்ன என்னப்பா பண்ணுச்சு?"

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எங்கள் கொட்டகைக்குப் பின்னாலிருந்து ஷெரீப் ஆபீஸ் போலீஸ்காரன் டேரல் வந்துகொண்டிருந்தான். இடுப்பில் துப்பாக்கி. கையில் முள்கரண்டி. மோவாயில் ஒட்டிய ஆப்பிள் பலகாரம்.

"ரெண்டு பேரும் டப்பாவப் பொறுக்குங்க. மிச்சத்த ஜட்ஜுகிட்டப் பேசிக்கலாம்," என்றான். பிறகு தாழ்வாரத்துக்கு வந்த வில்மாவைப் பார்த்து, "வில்மாம்மா, உங்க ஆப்பிள் பைக்காக நாளைக்கும் என் சாப்பாட்டு நேரம் இங்கதான்," என்றான்.

ஹாஃப்னர் பையன்கள் குனிந்து டப்பா பொறுக்கினார்கள். அவர்கள் போனதும் வில்மா இரண்டு காபியோடு ஊஞ்சலுக்குப் போனாள். ஒரு மாதத்துக்குப் பிறகு! தோளைத் தடவிக்கொண்டே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தன் சால்வையில் பாதியை என் மேல் போட்டாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. புரையோடு கலங்கினால் உலகமே தெரியாது.

"வில்மா... கல்யாண நாள்..."

"மறந்துட்ட."

"தெரியுமா?"

"வருஷா வருஷம் உன் சார்பா எனக்குப் பூ வாங்குறது யாரு?"

நான் காபியைக் குடித்தேன்.

"நீ அவனுங்களச் சுட்டாலும் சரி, அவனுங்க உன்னச் சுட்டாலும் சரி, இந்த ஊஞ்சல்ல ஒத்தையா உக்காரப் போறது நான்தான் எல்வுட். அதுக்கு எனக்கு மனசில்ல," என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"சரி, தேதியச் சொல்லு. அடுத்த மாசம் மானுக்குத் துப்பாக்கி வேணும்."

"இருபத்தாறு. ஆனா அதுல பெட்டி திறக்காது. அவசரத்துல உனக்கு ஞாபகம் வந்து தொலைச்சுட்டா? அதான் வேற நம்பர் வச்சேன்."

"என்ன நம்பர்?"

"ஷெரீப் ஆபீஸ் போன் நம்பர்."