ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு எலுமிச்சம்பழம்

எனக்குக் கம்ப்யூட்டர் நன்றாகத் தெரியும் என்று செஞ்சியில் நிறைய பேர் நம்புகிறார்கள். அந்த வதந்தியைக் கிளப்பிவிட்டவனே நான்தான். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஃபோட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். ஆல்பம் போடத் தெரிந்தவனுக்கு உலகத்தில் வேறென்ன தெரிய வேண்டும் என்பது அப்போது என் எண்ணம்.

அந்த ஆவணியில் என் மச்சினிச்சிக்கு சிங்கவரத்தில் கல்யாணம். "மாப்ள இருக்கச்சே வெளி ஆளு எதுக்கு?" என்று மாமியார் சொல்லிவிட, படம் எடுத்தது நான்தான். கேமரா கார்டை அழித்து அடுத்த முகூர்த்தத்துக்குக் கொண்டுபோய்விட்டேன். படங்கள் இருந்தது ஸ்டூடியோ கம்ப்யூட்டரிலும், அதில் எப்போதும் சொருகியே கிடந்த ஒரு ஹார்ட் டிஸ்க்கிலும்தான். ஆயுத பூஜைக்கு மறுநாள் ஆல்பம் பார்க்க வருவதாக மாமியார் சொல்லியிருந்தார். நான் ஒரு பக்கம்கூடப் போடவில்லை.

பூஜையன்று என் மனைவி செல்வி ஸ்டூடியோவைக் கழுவி, கேமரா, ஸ்டாண்டு, ஹார்ட் டிஸ்க் எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்து சந்தனம் குங்குமம் இட்டாள். கம்ப்யூட்டர் நெற்றியிலும் ஒரு பொட்டு.

"நாளைக்கு மறுபூஜ முடியறவரைக்கும் எதையும் தொடாதீங்க."

"ஹார்ட் டிஸ்க் வேணும்டி, வேல கெடக்குது."

"அதுவும் வருஷம் பூரா ஒழைக்குதில்ல? ஒரு நாள் லீவு உடுங்க."

சொன்னதோடு நில்லாமல் அதன் தலையில் ஒரு எலுமிச்சம்பழத்தையும் வைத்துவிட்டுப் போனாள். எடுத்தால் தெரிந்துவிடும். எனவே டிஸ்க்கை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரை மட்டும் திருட்டுத்தனமாகப் போட்டேன். ஆல்பத்தைத் தானே அடுக்கித் தரும் சாஃப்ட்வேர் ஒன்று நெட்டில் இலவசமாகக் கிடைத்தது. ஆன்ட்டி வைரஸை அணைத்துவிட்டு என்னை ஏற்று என்றது. அணைத்தேன். (பொண்டாட்டி சொல்லி ஒரு ஃபேனைக்கூட அணைச்சவன் இல்ல நானு.) தினமும் செஞ்சிக் கோட்டையைப் பார்த்தபடி தொழில் செய்கிறவன், திருடனுக்கு வாசற்கதவை நானே திறந்துவிட்டு, உட்கார்ந்து பொரி தின்றேன்.

பொரி தீர்வதற்குள் திரை கறுத்தது. உன் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், பணம் அனுப்பினால் சாவி தருவோம் என்று இங்கிலீஷில் ஓர் அறிவிப்பு. நான் செய்த முதல் காரியம், திரையின் வால்பேப்பரை மாற்றியது. (சிரிக்காதீங்க.) அறிவிப்பு போய் அருவி வந்தது. கல்யாணப் படம் ஒன்றுகூடத் திறக்கவில்லை. தாலி கட்டியதை மறுபடி கட்டிக் காட்டச் சொல்ல முடியுமா? கேட்டுப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன். மாப்பிள்ளை துபாய் போய்விட்டிருந்தார்.

அப்போதுதான் எலுமிச்சம்பழம் கண்ணில் பட்டது. டிஸ்க்கைப் பிடுங்கிக்கொண்டு கம்ப்யூட்டருக்கு ஓடினேன். ஓடும்போதே குமாருக்கு ஃபோன் போட்டிருந்தேன்; நல்லவேளை, சொருகப் போகும் நேரத்தில் எடுத்தான். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் நண்பன். நடந்ததையும் டிஸ்க்கைச் சொருகப் போவதையும் சொன்னேன்.

"டேய், கைய எடு. சொருகினன்னா அதையும் பூட்டிடும். மொதல்ல நெட் ஒயரப் புடுங்கு. பணம் கிணம் அனுப்பித் தொலைக்காத, குடுத்தாலும் தொறப்பான்னு இன்னா கேரண்டி?"

டிஸ்க்கை மறுபடி இலையில் வைத்து, பழத்தையும் அதன் தலையில் ஏற்றினேன். மறுநாள் காலையில் குமார் தன் லேப்டாப்போடு வந்தான்; செல்விக்கும் விஷயம் தெரிந்துபோனது. செல்வி மறுபூஜை முடித்து, கற்பூரம் காட்டி, டிஸ்க்கை எடுத்துக் கொடுத்தாள். அவன் லேப்டாப்பில் சொருகினோம். நாதஸ்வரக்காரர் உட்பட மொத்தக் கல்யாணமும் சிரித்துக்கொண்டு வந்து நின்றது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"எப்பவும் மாதிரி கம்ப்யூட்டர்லயே சொருகி இருந்திருந்தா?" என்று செல்வி கேட்டாள்.

"இதுவும் போயிருக்கும்" என்றான் குமார்.

அந்த நேரம் பார்த்து மாமியார் படியேறினார். "இன்னா மாப்ள, ஆல்பம் ரெடியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் செல்வி முழுக்கதையையும் சொல்லி முடித்துவிட்டாள்.

இப்போது என்னிடம் இரண்டு டிஸ்க். படத்தை ஏற்றியதும் கழற்றி சாமி மாடத்தில் வைத்துவிடுகிறேன். இலவசம் என்று எது வந்தாலும் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன். ஆனால் அந்த ஆல்பத்தை ஒன்றும் செய்ய முடியவில்லை. மாமியார் பிடித்த பிடிவாதத்தில், முதல் பக்கத்தில் பிள்ளையாருக்கும் முன்னால், பொட்டும் எலுமிச்சம்பழமுமாக ஹார்ட் டிஸ்க் உட்கார்ந்திருக்கிறது. பக்கத்தில் நான்.

வீட்டுக்கு வருகிறவர்கள் இது என்ன என்று கேட்கிறார்கள். மாமியார் டிஸ்க்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்.

"இதாம்மா எங்க பொண்ணு கல்யாணத்தக் காப்பாத்துச்சு. பக்கத்துல நிக்கிறாரே, அவரு திருடனுக்குக் கதவத் தொறந்து உட்டவரு."