ஹில்மி மீசையைப் பணயம் வைத்த படலம்

வாழ்க ஹில்மி! நைல்நதி நனைக்கும் நெடுநகராம் கெய்ரோவின் மின்கடைச் சந்தில், ஒரு கதவும் ஒன்றரைச் சன்னலும் உடைய கடைக்கு ஏகச் சக்கரவர்த்தியே, வாழ்க! மாண்ட மடிக்கணினிகளை எழுப்புவோனே, எழும்பாதவற்றின் திருகாணிகளைக் கழற்றிச் சேமிப்போனே, எண்ணெய் தடவி முறுக்கேற்றிய, அச்சந்திலேயே பெரிதான கருமீசை உடையோனே! அம்மீசையின் பொருட்டு நீ ஆடிய அருஞ்சமரைப் பாடப் புகுந்தோம். ஈயம் உருக்கும் சூட்டுக்கோலே, எம் நாவில் வந்து அமர்க; வேண்டாம், சுட்டுவிடுவாய், சற்றுத் தள்ளியே அமர்க.

போரின் காரணம் கேளீர். முந்தைய வாரம் ஓர் ஆசிரியையின் மடிக்கணினித் திரை இருண்டுபோனது. "உள்ளே விளக்கு போச்சும்மா, திரையே மாத்தணும்" என்று ஹில்மி தீர்ப்பு வழங்கினான். அவளோ எதிர்க்கடை ஷவ்கியிடம் போனாள். திரைக்குப் பின்னுள்ள விளக்குக்குழல் நல்ல உயிரோடிருக்க, அதற்கு மின்சாரம் ஊட்டும் விரல்நீளப் பலகைதான் செத்திருந்தது. ஷவ்கி கால் மணி நேரத்தில் அதை மாற்றிக் கொடுத்தான். அதோடு விட்டானா பாவி? உயிரோடிருந்த திரைக்கு ஹில்மி ஜனாஸா என்னும் இறுதித்தொழுகை நடத்திவிட்டான் என்று சந்து முழுக்கச் சொல்லிச் சிரித்தான்.

அவமானம் பொறாத அண்ணல் அன்றே ஓர் ஆயுதம் சமைக்கத் துணிந்தான். குழலின் முனையில் செருகிய மாத்திரத்தில், அது உயிரோடிருந்தால் ஒளிரச்செய்து, ஒளிராவிடில் மாண்டதென அறிவிக்கும் அரும்பெரும் படைக்கலம். உடைந்த ஸ்கேனரின் வயிற்றைப் பிளந்து, மின்னழுத்தம் ஏற்றும் பலகையைப் பிடுங்கினான். மேசைவிளக்கின் பொத்தானைப் பறித்தான். மோடத்தின் அடாப்டரைக் கைப்பற்றினான். மின்வரவைக் காட்டும் அடாப்டரின் சிவப்புக் கண் அவிந்து ஈராண்டாகியிருந்தது. இவை யாவும் கொலுவீற்றிருக்க, மனைவி கழுவிக் கவிழ்த்திருந்த எள் அல்வாப் பெட்டியைக் கேளாமல் கவர்ந்துவந்தான். அது வேறொரு போருக்கு வித்து. அதை இங்கே பாடோம்.

கடையின் சொந்த மின்துளை ரமலானிலேயே கருகிவிட்டபடியால், அடாப்டரின் நெடுவயர் வாசலைத் தாண்டி, தூணைச் சுற்றி, தேநீர்க்காரி இன்ஷிராஹின் மூலையில் இருந்த பொதுத்துளையைச் சென்றடைந்தது. அவசரத்துக்கு ஒருவர் வயரை இன்னொருவர் கழற்றலாம், வேலை முடிந்ததும் பழையபடி மாட்டிவிட வேண்டும் என்பது அச்சந்தின் பண்பாடு.

ஆயுதத்தைச் சோதிக்கக் குறித்த நாளில், சந்தே திரண்டு நிற்க, ஷவ்கி ஒரு திரையை ஏந்தி வந்து, பிரபுப் பட்டம் சூட்டிக் கேலியாக அழைத்தான்.

"இந்தா பாஷா, இப்பத்தான் என் கடையில பளிச்சுன்னு எரிஞ்சது. எங்கே, உன் அல்வா டப்பா எரிய வைக்கட்டும் பார்ப்போம்!"

ஹில்மி எழுந்தான். மீசை முனை இரண்டும் துடித்தன.

"கேட்டுக்கோங்கப்பா எல்லாரும்! பள்ளிவாசல்ல சாயங்கால அஸர் பாங்கு சொல்றதுக்குள்ள இது எரியலேன்னா, எங்கப்பன் மேல ஆணை, இங்கேயே உட்கார்ந்து மீசையை எடுத்துக்கறேன்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. முத்தவல்லி என்னும் பெயருடைய நாவிதர் கத்தியைத் தீட்டப் போனார். வெறுந்தொண்டையோடு களம்புகுதல் வீரர்க்கு அழகன்று என்பதால், "இன்ஷிராஹ் அக்கா, சக்கரை தூக்கலா ஒரு டீ!" என்று முழங்கிவிட்டு, திரையின் குழல்முனையைப் பெட்டியில் செருகிப் பொத்தானை அழுத்தினான் வீரன்.

இருள்.

கணமும் தளராது பெட்டியைத் திறந்தான், வயர்களைக் கழற்றினான், எரிவாயுச் சுடரில் சூட்டுக்கோலைப் பழுக்கக் காய்ச்சி, இணைப்புகளை மீண்டும் பற்றவைத்தான். இடையில் தேநீர் வந்தது, குடித்தான், தெம்பு கொண்டான், பெட்டியை மூடினான். "அக்கா, இன்னொண்ணு!" என்று கர்ச்சித்துப் பொத்தானை அழுத்தினான்.

அதே இருள், முன்னிலும் கெட்டியாக.

"என்ன பாஷா, அல்வா ஊசிப்போச்சா?" என்றான் ஷவ்கி.

ஊசிப்போனது அல்வா அல்ல, ஹில்மியின் நெஞ்சு. இருபது ஆண்டு வளர்த்த மீசை. மணநாளன்று மாமனார் பெண்ணை விட்டுவிட்டு வியந்து பார்த்த மீசை. அதை எண்ணி மெய்யாகவே கண் கலங்கினான். வந்த தேநீரை நின்றபடி விழுங்கி, பலகையைத் துடைத்து, வயர்களை இடம்மாற்றி, மாற்றியதை மாற்றி, மூடியை அழுத்திச் சாத்தினான். ஆனாலும் அஞ்சாநெஞ்சன் அன்றோ? "அக்கா, இங்க நிக்கறவங்க எல்லாருக்கும் டீ! என் கணக்கு!" என்று கொடைமுரசு அறைந்து, மூன்றாம் முறையாகப் பொத்தானை அழுத்தி, அழுத்தியபடியே விட்டு, விழிமூடி நின்றான்.

இருள். இருளின் மேல் அஸர் பாங்கு.

சொன்ன சொல் தவறா மன்னவன் முக்காலியில் அமர்ந்து முகத்தை நிமிர்த்தினான். கூட்டத்தின் சிரிப்பு நின்றது. ஷவ்கிகூட, "விடப்பா, விளையாட்டுக்குச் சொன்னது" என்று முனகினான். "ஆணை ஆணைதான்" என்றான் ஹில்மி. முத்தவல்லியின் கத்தி வலப்பக்கம் நான்கே இழுப்பில் நிலத்தைத் தரிசாக்கிவிட்டு இடப்பக்கம் திரும்பிய அவ்வேளையில், எவரும் தொடாத மேசைமேல், எள் அல்வாப் பெட்டி மெல்ல ரீங்கரிக்க, திரை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை வெண்ணிலவாகப் பூத்து, கடையை நிறைத்து, வாசலை நிறைத்து, பாதி மீசையின் மேல் பாலாய்ப் பொழிந்தது.

"எரியுதுடா!" என்று சந்து அலறிற்று. தூணுக்கு அப்பாலிருந்து பதினேழு கோப்பைத் தட்டோடு இன்ஷிராஹ் வந்தாள்.

"அக்கா," என்றான் ஹில்மி மெல்ல, "இப்ப என்ன செஞ்சீங்க?"

"நான் என்னத்தைச் செஞ்சேன்? தண்ணி கொதிச்சுது, கெட்டிலைக் கழட்டிட்டு உன் வயரை மாட்டினேன். நீ டீ கேட்கறப்பல்லாம் கழட்டறேன், ஆனதும் மாட்டறேன். ஒரு தடவையாவது மாட்ட மறந்திருப்பேனா நானு?"

ஹில்மி ஒரு வாய் டீ குடித்துவிட்டு, மீதி மீசையையும் எடுத்துவிடச் சொன்னான்.