விசா இல்லாமல் பத்து வருடம்

அரசாங்கக் கந்தோருக்குள் நுழைந்தால் எல்லோருக்கும் ஏதோ ஒன்று மாறிவிடும். என் கணவர் அன்ரனுக்கு முதுகு வளையும். பக்கத்து வீட்டு மெற்றில்டா அக்காவுக்குக் காது கேட்காமல் போகும். எனக்கு மாறுவது நாடு.

போர்க்காலத்தில் மன்னாரிலிருந்து வள்ளமேறிப் போன பெற்றோருக்குத் தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்தவள் நான். பள்ளிக்கூடம், கல்லூரி எல்லாம் அங்கேதான். பிறகு இங்கே இலங்கைக்கு வந்து, குடியுரிமை எடுத்து, ஓலைத்தொடுவாயில் கடற்தொழில் செய்யும் அன்ரனைக் கட்டிக்கொண்டேன். வந்து பத்து வருடத்துக்கு மேலாகிவிட்டது. வீட்டில் பேசும்போது என் தமிழ் இரண்டு கரைக்கும் நடுவில் எங்காவது மிதந்துகொண்டிருக்கும். ஓர் அதிகாரியைக் கண்டால் மட்டும் நேரே இராமநாதபுரத்தில் போய்க் கரை தட்டும். (பயத்தினால் என்று அன்ரன் சொல்வார். மரியாதையினால் என்று நான் சொல்வேன்.)

போன வருடம் என் பள்ளித் தோழி கலைச்செல்வி என்னைப் பார்க்க இந்தியாவிலிருந்து வந்தாள். அவள் வந்து இறங்கிய அன்றே எனக்குள் ஒரு பெரிய கடமை உணர்ச்சி எழுந்தது. முகாமில் நாங்கள் வெளியே போனால் சொல்லவேண்டும், வந்தால் சொல்லவேண்டும், வீட்டுக்கு யாரும் வந்து தங்கினால் அதையும் சொல்லவேண்டும். பிறந்த நாள் முதலே நான் அறிவிக்கப்பட்டவள். இப்போது ஒரு வெளிநாட்டுக்காரி என் வீட்டில் தங்கியிருக்கிறாள். முதன்முறையாக நான் அறிவிக்கிற பக்கத்தில் நிற்கலாம். இந்தச் சந்தர்ப்பத்தை விடுவேனா?

கிராம சேவகரிடம் கேட்டேன். "பொலிசில ஒரு சொல்லுச் சொல்லிவைக்கிறது நல்லதுதான்" என்றார். அது எனக்குப் போதும்.

"ரெஜி, உன் வீட்டுக்கு விருந்துக்கு வந்தா, என்னை எதுக்குடி போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போற?" என்று செல்வி கேட்டாள்.

"இது எங்க நாட்டு நடைமுறை" என்றேன். 'எங்க நாட்டு' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

திருமணச் சேலை உடுத்திக்கொண்டேன். செல்வியின் கடவுச்சீட்டையும் விசாப் பிரதியையும் ஒரு கோப்பில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டேன். என் அடையாள அட்டை அலுமாரிக்குள் நிம்மதியாகக் கிடந்தது. நான் இந்த நாட்டுப் பிரசை, என்னை யார் கேட்கப்போகிறார்கள்?

செல்வியோ மன்னார்க் கடையில் வாங்கிய சட்டை போட்டிருந்தாள். கடற்கரை வெயிலில் நன்றாகக் கறுத்துமிருந்தாள். ஊர்ப் பேச்சுப் பழகுவதில் அவளுக்குத் தணியாத ஆசை. பஸ்ஸில் போகும்போது, பொலிசில் நான் சொல்லப்போவதை அவளுக்குச் சொல்லிக் காட்டினேன். பள்ளிக்கூட நாடகங்களில் முன்வரிசையில் நின்றவள் அவள். அதைப் பாடமாக்கிக்கொண்டு வருவாள் என்று நான் எண்ணவில்லை.

பொலிஸ் நிலையத்தில் எங்களைக் கூப்பிட்டவர் ஓர் இளம் உத்தியோகத்தர். மன்னார் மாவட்டத்து அடம்பன்காரர் என்று பிறகு தெரிந்தது. நான் தொண்டையைச் செருமுவதற்குள் செல்வி முந்திக்கொண்டாள்.

"வணக்கம் சேர். வெளிநாட்டு ஆள் ஒராள் எங்கட வீட்டில நிக்கிறா. சொல்லிப்போட்டுப் போவம் எண்டு வந்தனாங்கள்."

ஓர் எழுத்துப் பிசகவில்லை. உத்தியோகத்தர் தலையாட்டிவிட்டு, கோப்போடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்கள் எப்ப வந்தனீங்கள்?"

என் ஊர்வாசத்தை விசாரிக்கிறார் என்று நினைத்தேன். "நான் வந்து பத்து வருஷமாச்சு சார்" என்றேன் பெருமையாக.

அவருடைய பேனை நின்றது. "பத்து வருசமோ? விசா?"

"எனக்கு எதுக்கு சார் விசா?"

அவர் செல்வியிடம் திரும்பினார். "அக்கா, பத்து வருசமா இவாவை வீட்டில வைச்சுக்கொண்டு இண்டைக்குத்தான் சொல்ல வாறீங்களோ?"

செல்வியின் மன்னார்த் தமிழ் அந்தப் பாடத்தோடு தீர்ந்துவிட்டிருந்தது. மிச்சம் இருந்தது ஒரே ஒரு சொல். "ஓம் சேர்" என்றாள்.

"இது பிழை எண்டு தெரியுந்தானே?"

"ஓம் சேர்."

நான் அவசரமாகக் கோப்பை நீட்டினேன். அவர் கடவுச்சீட்டைத் திறந்து படத்தைப் பார்த்தார். நீண்ட பின்னலோடு ஒல்லியான ஒரு பெண். செல்வி அதன்பின் தலைமுடியைக் கட்டையாக வெட்டி, நன்றாகச் சதையும் போட்டுவிட்டாள். பின்னலோடு அங்கே நின்றவள் நான் ஒருத்திதான். அவர் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "கொஞ்சம் வாடிப்போனியள்" என்றார்.

இனித் தாங்காது என்று செல்விக்குத் தோன்றியிருக்கவேண்டும். "சார், சாமி சத்தியமா நான்தான் சார் இந்தியா. அவ இந்த ஊருதான்" என்று சொந்தத் தமிழில் கும்பிட்டாள்.

அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார். "அப்ப ரெண்டு பேருமே இந்தியாவோ?"

"இல்ல சார், நான் இலங்கைதான் சார்" என்றேன். அந்த வசனத்தை அதைவிட இந்தியத்தனமாக யாராலும் சொல்லியிருக்க முடியாது.

அவர் பொறுமையான மனிதர். மேசைக்கு முன்னால் இருந்த நாற்காலியைக் காட்டிக் கேட்டார். "சரி, இதுக்கு என்ன பேர்?"

"சேர்" என்றேன்.

"ஓம், சொல்லுங்கோ."

"சேர், சார்."

"அதுதான் சொல்லுங்கோ எண்டிறன்."

செல்வி என் காதருகில் "கதிரைடி, கதிரை" என்று முணுமுணுத்தாள். எனக்கு அது தெரியாதா? பள்ளிக்கூடத்தில் முதல் வாரம் நான் 'கதிரை' என்று சொன்னபோது வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அன்றைக்கே அந்தச் சொல்லை வாயிலிருந்து விரட்டிவிட்டேன். இப்போது வேண்டும் என்றபோது அது வர மறுத்தது.

"அடையாள அட்டை?"

"வீட்ல இருக்கு சார். ஹஸ்பண்டுக்குப் போன் பண்றேன்." அன்ரன் கரையில் வலையோடு நின்றார். அட்டையை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். வரும்வரை காத்திருக்கலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் உத்தியோகத்தர் உள்ளே பார்த்து, "இமிகிரேசனுக்கு ஒருக்கா அறிவிக்கவேண்டி வரும்போல" என்று யாரிடமோ சொன்னார்.

அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குப் பயம் விட்டுப்போயிற்று. வயிற்றுக்குள் இருந்து வேறொரு குரல் வந்தது. அது என் அம்மாவின் குரல்.

"இஞ்ச பாருங்கோ தம்பி. என்ர அம்மா ஓலைத்தொடுவாய், அப்பா பேசாலை. அவையள் உயிருக்குப் பயந்து வள்ளமேறிப் போனதுக்கு நான் என்ன செய்யிறது? அங்க கதிரை எண்டு சொன்னன், அகதி எண்டு சிரிச்சவை. இஞ்ச சேர் எண்டு சொன்னா நீங்கள் விசா கேக்கிறியள். அப்ப நான் எங்க போய் இருக்கிறது? கதிரையில இருக்கிறதோ, சேரில இருக்கிறதோ?"

உள்ளே யாரோ தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார். அந்தக் குரல் இத்தனை வருடம் எனக்குள் எங்கே கிடந்தது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

உத்தியோகத்தர் எழுந்தார். அந்தக் கதிரையைத் தானே என் பக்கம் இழுத்துப் போட்டார். "இருங்கோ அக்கா" என்றார். "இப்பிடி முதலே கதைச்சிருந்தால் நான் ஒண்டும் கேட்டிருக்க மாட்டன்."

அன்ரன் மீன் மணத்தோடும் என் அடையாள அட்டையோடும் வந்து சேர்ந்தபோது, நான் கதிரையில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"இவா உங்கட மனுசியோ?"

"ஓம் சேர். சத்தம் றோட்டு வரைக்கும் கேட்டதாம். அவாதான்" என்றார் அன்ரன். முதுகு வழக்கம்போல் வளைந்திருந்தது. முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பு அடக்கமுடியாமல் நின்றது.

செல்வியின் விபரங்களை எழுதிக்கொண்டார்கள். அதற்கு இரண்டு நிமிடம்கூட எடுக்கவில்லை. வெளியே வந்ததும் செல்வி மதிலைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினாள். பஸ் வந்து, போய், அடுத்த பஸ்ஸும் வந்தது. அவள் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் நானும் பக்கத்தில் இருந்து சிரித்தேன். கண்ணீர் வந்தது. அதில் எவ்வளவு சிரிப்பினால் வந்தது என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

அவள் ஊருக்குத் திரும்பிவிட்டாள். ஆனால் அந்த நாள் எங்கள் வீட்டை விட்டுப் போகவில்லை. நான் சமாதானமாக இருக்கும்போது இந்தியாவிலும், கோபம் வந்தால் இலங்கையிலும் இருப்பதாக வீட்டில் எல்லோரும் முடிவு கட்டிவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் செல்வி அழைப்பாள். முதலில் அன்ரனிடம்தான் பேசுவாள், அதுவும் சுத்தமான மன்னார்த் தமிழில்.

"அண்ணை, ரெஜி இப்ப எந்த நாட்டில நிக்கிறா?"

அன்ரன் குசினிப் பக்கம் எட்டிப் பார்ப்பார். குரலைத் தாழ்த்துவார்.

"காலமை இந்தியாவில நிண்டவா. நான் மீன் வெட்டிக் குடுக்கப் பிந்திப்போச்சு. இப்ப இஞ்சதான், தங்கச்சி. பிறகு எடுங்கோ."