மூன்று வாரம் உருண்ட ஐம்பது சென்ட்

க்ளைவ் பென்ரோஸின் துணி உலர்த்தும் மிஷின் மூன்று வாரமாக நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. உள்ளே துணி இல்லை. ஒரே ஒரு ஐம்பது சென்ட் காசுதான். அது போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் கொல்லையை விட்டு வாசலில் படுக்கத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை, ஆஸ்திரேலியாவின் பென்டிகோ ஊர் நாணயச் சங்கம் கூடுவதற்குள் அந்தக் காசு உருக்குலைந்தாக வேண்டும்.

எல்லாம் மார்ச்சில் ஆரம்பித்தது. பள்ளி பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் க்ளைவ். மனைவி காலமானபின் பொழுது போகாமல், வெட்டுப்பட்ட ஒரு டாலர் காசை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போனார். அச்சுச்சாலையிலேயே பிழையாக வந்த காசுக்குச் சேகரிப்பவர்களிடம் தனி மவுசு. பிழையா, பின்னால் பட்ட அடியா என்று பிரித்துச் சொல்ல, அந்த ஊரில் நோரீன் டாலியை விட்டால் ஆளில்லை. தையல் மிஷின் பழுதுபார்த்துப் பழகிய விரல்கள். லென்ஸைக் கண்ணில் வைத்து நாற்பது நிமிடம் பார்த்தார்.

"புல்வெட்டியில மாட்டியிருக்கு. வெட்டின இடத்துல உலோகம் ஒதுங்கி மேடு தட்டியிருக்கு, பாருங்க."

க்ளைவுக்கு ஏமாற்றமே இல்லை. ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, இத்தனை பொறுமையாக, இத்தனை அழகாகத் தன்னிடம் பேசி எவ்வளவு காலமாயிற்று! அடுத்த மாதம் கொண்டுபோகக் காசு கிடைக்கவில்லை. அதனால் தானே ஒன்றைச் செய்தார்.

ஏப்ரலில் இரண்டு காசுகளைச் சேர்த்து, பட்டறை மேசையின் இடுக்கியான வைஸில் நெரித்தார்.

"வைஸ்," என்றார் நோரீன். "எழுத்து பள்ளமா, கண்ணாடியில தெரியற மாதிரி திரும்பி விழுந்திருக்கு. இன்னொரு காசை வச்சு அழுத்தினா இப்படித்தான்."

மே மாதம் விளிம்பில் பிறைபோல அரத்தால் ராவினார்.

"அரம். அச்சடிக்கும்போதே தகடு குறையா வந்திருந்தா, நேரெதிர் விளிம்பும் மங்கலா இருக்கணும். இது பளிச்சுன்னு இருக்கு."

க்ளைவ் சொக்கிப்போனார். ஜூனில் உலர்த்தியை நம்பினார்.

கூட்டத்தன்று காலை உலர்த்தி 'டமால்' என்று நின்றது. குளிரில் ஈரச் சட்டையோடு போய்ச் சேர்ந்தார். வழக்கம்போல நாற்பது நிமிடம்.

"உலர்த்தி," என்றார் நோரீன். "காசோட பன்னெண்டு முனையும் மழுங்கி, விளிம்பு உள்பக்கமா சுருண்டிருக்கு. பெல்ட் அறுந்திருக்குமே?"

"இன்னிக்குக் காலையிலதான்," என்று சொல்ல வாயெடுத்த க்ளைவ், இருமி மழுப்பினார்.

சங்கத் தலைவர் லைல் எழுந்தார்.

"நாலு மாசம், நாலு காசு! எவனோ வேணும்னே காசைக் கெடுத்துப் புழக்கத்துல விடறான். சட்டப்படி குத்தம். இதெல்லாம் உங்களுக்கு எங்க கிடைச்சுது, க்ளைவ்?"

"பேக்கரியில... சில்லறையில."

"அந்த ஆர்னட் கடையா? அப்பவே நினைச்சேன்! இப்பவே போலீசுக்குப் போன் போடறேன்."

பாவம் ஆர்னட், ரொட்டி சுடுவதைத் தவிர வேறொன்றும் அறியாதவர். லைல் எண்களை அழுத்தத் தொடங்கினார்.

"வேண்டாம்! நான்தான் செஞ்சேன்," என்றார் க்ளைவ்.

"நோரீனையே ஏமாத்தப் பார்த்தீங்களா?"

"ஏமாத்த முடியாதுன்னு தெரியும். அவங்க கண்டுபிடிக்கறதைப் பார்க்கணும்... அவ்வளவுதான்."

லைல் போனை மெல்லக் கீழே வைத்தார். நோரீன் முகம் சிவக்க, லென்ஸைப் பெட்டியில் போட்டு மூடி, வெளியே போய்விட்டார்.

எல்லாம் முடிந்தது என்று க்ளைவ் தன் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு நடந்தார். அங்கே சங்க உறுப்பினர் க்ளெனிஸ் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"பெரிய தப்புப் பண்ணிட்டேன், க்ளெனிஸ். அவங்க நேரத்தையெல்லாம் வீணாக்கிட்டேன். காசுக்கு நாற்பது நிமிஷம்!"

க்ளெனிஸ் கை நின்றது.

"நாற்பது நிமிஷமா? இன்னிக்கு நீங்க வர்றதுக்கு முன்னாடி நோரீன் எங்க பத்துப் பேர் காசையும் லென்ஸை எடுக்காமலே அஞ்சு நிமிஷத்துல முடிச்சுட்டு, வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருந்தாளேய்யா!"