மூச்சடைப்பானும் மஞ்சள் விளக்கும்

முந்நூறு ஆண்டுகளுக்கு முன் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிக்க இறங்கி, மூச்சு முட்டி, மேலே வராமலே போன ஒருவனின் ஆவி இன்றும் அடங்கவில்லை. துறைமுகத்து லாரிகளின் சைலன்சருக்குள் புகுந்துகொண்டு மனித குலத்தைப் பழிவாங்கிக்கொண்டிருக்கிறது. அதன் திருநாமம் மூச்சடைப்பான்.

2020-க்குப் பிறகு வந்த வண்டிகளில் மட்டும்தான் புகும். பழைய வண்டிகளை ஏறெடுத்தும் பார்க்காது. அவ்வளவு பழைய ஆவிக்கு ஷோரூம் வாசனைதான் பிடித்திருக்கிறது.

இந்த உண்மையைத் தவமிருந்து கண்டவர் சைலன்சர் சித்தர். முத்தையாபுரத்துக்கு அந்தப் பக்கம் தகரக் கொட்டகை. காலை ஏழு மணிக்கே ட்ரெய்லர்கள் வரிசை கட்டிவிடும். முருகன் படம் வைத்த வண்டி, மாதா படம் வைத்த வண்டி, பிறை ஒட்டிய வண்டி எல்லாம் ஒரே வரிசையில். நாட்டில் வராத ஒற்றுமை அங்கே வந்திருந்தது. சித்தரின் கழுத்தில் உருத்திராட்ச மாலை, நடுவில் பதக்கமாக ஒரு ஸ்பார்க் பிளக். டீசல் வண்டியில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. வந்தவர்கள் எல்லாருமே டீசல் வண்டி ஓட்டுகிறவர்கள். ஒருவரும் கேட்கவில்லை.

பரிகாரம் எளிது. ஒன்பது எலுமிச்சம்பழம், சைலன்சர் வாயில் சாம்பிராணி, தட்டில் ஐயாயிரம். பிறகு ஓட்டம்.

"எட்டயபுரம் வரைக்கும் நிறுத்தப்பிடாது. ஸ்பீடு முள்ளு அறுபதுக்குக் கீழ இறங்கப்பிடாது. இறங்குச்சோ, அவன் எட்டிப் பிடிச்சிருவான்."

"டோல்கேட்டுல நிக்கணுமே சாமி?"

"அங்கன நிக்கலாம். அவனுக்கு அங்கன அனுமதி இல்ல."

முத்துமணிக்கு இந்தப் பரிகாரம் மனப்பாடம். சொந்தமாக ஒரே ஒரு ட்ரெய்லர். நெற்றியில் மனைவி பெயர், 'சண்முகசுந்தரி'. துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் யார்டுக்கு ஐந்து கிலோமீட்டர். அதற்கு மூன்று மணி நேரம். வரிசையில் நிற்கும்போது இன்ஜினை அணைக்க மாட்டான், ஏசி நின்றுவிடுமே. கொஞ்ச நாளாக மாசத்துக்கு ஒரு தடவை டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி இழுக்காது. இரண்டு முறை பரிகாரம் செய்தான். இரண்டு முறையும் அணைந்தது. மூன்றாவது முறை எரிந்தபோது சித்தருக்கே சலிப்புத் தட்டியிருக்க வேண்டும். கண்ணை மூடினார். ஒரு கண்ணை மட்டும் திறந்து வண்டியின் நெற்றியைப் படித்தார்.

"பொம்பள பேரு. அவ மூச்ச மோந்துதான் இவன் வாரான். நாப்பத்தெட்டு நாள் அவ உன் வீட்டு வாசப்படிய மிதிக்கப்பிடாது. தாய் வீட்டுக்கு அனுப்பு."

முத்துமணி வீட்டுக்குப் போய்ச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான். தட்டைப் பார்த்துச் சொன்னான். அவள் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. பன்னிரண்டு வருஷக் குடித்தனம். அவள் உப்பு பேக்கிங் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். நாற்பத்தெட்டு நாள் போகாவிட்டால் அந்த வேலையில் வேறொருத்தி இருப்பாள்.

"சரி, போறேன்," என்றாள் சண்முகசுந்தரி. "அதுக்கு முந்தி ஒண்ணு கேக்கேன். ரெண்டு தடவையும் விளக்கு எங்க வச்சு அணைஞ்சிச்சு? கொட்டகையிலயா?"

"இல்ல. போற வழியில."

"எந்த இடம்?"

யோசித்தான். "குறுக்குச்சாலை ஊரு தாண்டி."

"ரெண்டு தடவையுமா?"

"ஆமா ஏளா, ரெண்டு தடவையும்."

"அப்ப மூச்சடைப்பான் இறங்குத ஸ்டாப்பு அதுதான் போல."

மறுநாள் கொட்டகையில் நல்ல கூட்டம். சண்முகசுந்தரி நேரே சித்தர் முன்னால் போய் நின்றாள்.

"சாமி, பலன் பூசைக்கா, ஓட்டத்துக்கா?"

"பூசைக்குத்தான். ஓட்டம் அவனை வழியனுப்புத மரியாதை."

"அப்ப பூசை இல்லாம ஓடுனா அணையாதுல்லா? அதுவும் நான் வண்டியில இருந்தா?"

"அணையவே அணையாது. ஆபத்தும்மா."

"நல்லது. எங்க வண்டிக்குப் பூசை வேண்டாம். நான் முன்னால உக்காந்து போறேன். அணையலன்னா எட்டயபுரத்துலேருந்தே எங்கம்மா வீட்டுக்குப் பஸ் ஏறிருதேன்."

வரிசையில் இருந்த மரியான், முத்துமணியின் கூட்டாளி, கடற்கரைக்காரன், கையைத் தூக்கினான். "மதினி, என் வண்டியிலயும் விளக்கு எரியுது. எனக்கு ஒம்பது பழம் வேண்டாம், பதினெட்டாப் போடட்டும். ஆனா வண்டி இங்கனயே ஸ்டார்ட்டிங்ல நிக்கும். சாமியும் உள்ள உக்காந்து மந்திரம் சொல்லட்டும். பலன் பூசைக்குத்தான?"

கூட்டம் கைதட்டியது. பக்தர்கள் அல்லவா, சித்தரின் மகிமையைப் பார்க்க ஆசை. அவர்களே அவரைத் தூக்கி மரியானின் வண்டிக்குள் வைத்தார்கள்.

முத்துமணி வண்டியை எடுத்தான். பக்கத்தில் சண்முகசுந்தரி காலை நீட்டி, தலையை அவிழ்த்து வாரிக்கொண்டிருந்தாள். ஆவிக்கு மோப்பம் சரியாகக் கிடைக்கட்டும் என்று ஜன்னலையும் திறந்துவிட்டாள். டோல்கேட் தாண்டியது. முள் அறுபத்தைந்தில் நின்றது. விளக்கு எரிந்தபடியே இருந்தது. முத்துமணி அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"ரோட்டப் பாருங்க," என்றாள்.

குறுக்குச்சாலை தாண்டிக் கொஞ்ச தூரம். விளக்கு அணைந்தது.

அவள் சீப்பிலிருந்து முடியை எடுத்து வெளியே போட்டாள். போனை எடுத்தாள்.

"மரியான், அங்கன என்ன நிலவரம்?"

"மதினி, இங்க மஞ்சள் விளக்கு கண்ணடிக்க ஆரம்பிச்சிட்டு! ஆக்சிலேட்டர மிதிச்சா வண்டி முனகுது. ஏசியிலயும் சாமிக்கு வேர்க்குது. வெளிய உடுன்னு கதவத் தட்டுதாரு."

கதவைத் திறப்பதற்கு முன் கூட்டம் ஒரே ஒரு கேள்விக்குப் பதில் வாங்கிவிட்டது: விளக்கு எப்படி அணைகிறது? சித்தரின் உண்மைப் பெயர் வெள்ளத்துரை. முன்பு ஒரு லாரி ஒர்க்‌ஷாப்பில் வண்டி கழுவியவர்.

"புது வண்டி சைலன்சருக்குள்ள கரிய வடிகட்டுத டப்பா ஒண்ணு இருக்குய்யா. உருட்டிக்கிட்டும் நின்னுக்கிட்டும் இருந்தா கரி அடைஞ்சிரும். அரை மணி நேரம் விரட்டுனா சூட்டுல தானா எரிஞ்சு போயிரும். மெக்கானிக்குங்க பேசிக்கிட்டதக் கேட்டேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்!"

அவ்வளவுதான் தெரியும். அதுவே அவரை வணங்கி நின்ற எல்லாரையும்விட அதிகம். தலைக்குள் இருப்பதும் அப்படித்தான் மக்களே: வருஷக்கணக்கில் ஓட்டாமல் ஒரே இடத்தில் நிறுத்தி வைத்தால் அடைத்துக்கொள்ளும். கொஞ்சம் விரட்டிப் பாருங்கள்.

எட்டயபுரத்தில் டீ குடிக்க நிறுத்தினார்கள். கண்ணாடி துடைக்கத் துணி தேடிய சண்முகசுந்தரி, டேஷ்போர்டு பெட்டியிலிருந்து ஒரு தடித்த புத்தகத்தை எடுத்தாள். வண்டியோடு கம்பெனி கொடுத்தது. பிரிக்காத பிளாஸ்டிக் உறை. உறையின் மேல் மூன்று ஆயுத பூஜைக்கும் முத்துமணி வைத்த சந்தனமும் குங்குமமும் காய்ந்திருந்தன. உறையைக் கிழித்துப் புரட்டினாள். நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் அந்த மஞ்சள் விளக்கின் படம் இருந்தது. அது எரிந்தால் நெடுஞ்சாலையில் அரை மணி நேரம் நிறுத்தாமல் ஓட்டவும் என்று கீழே போட்டிருந்தது.

தமிழில்தான் போட்டிருந்தது.